சிங்கக் கதை பொய்க் கதையா?



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்று நம் விசுவாசக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். லைப்ரரியிலிருந்து கதைப் புஸ்தகம் வீட்டுக்கு வருகிறது. அம்மா புரட்டிப் பார்க்கிறார்கள். அட்டையிலே ஒரு சிங்கம். உள்ளே பேசுகிற மிருகங்கள், சூனியக்காரி, மந்திரக்கோல்! பிள்ளையைக் கேட்டால், "இந்தச் சிங்கம் செத்துப்போய் மறுபடியும் உயிரோட எழும்புதும்மா, நம்ம இயேசப்பா மாதிரியே!" என்கிறது. தாய்க்குப் பகீர் என்கிறது. "பாஸ்டர், இதைப் படிக்க விடலாமா, பிடுங்கி வைக்கணுமா? ஆண்டவரைப்பற்றி இல்லாத கதையைக் கட்டிச் சொல்றது பாவம் இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. வேத வெளிச்சத்திலே அதை நிதானிப்போம்.

அந்தக் கதை என்ன?

எழுதினவர் சி. எஸ். லூயிஸ். 1898-ல் அயர்லாந்திலுள்ள பெல்ஃபாஸ்ட் பட்டணத்தில் பிறந்தவர். வாலிபத்தில் கடவுளே இல்லை என்று சொல்லித் திரிந்தவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, 1931-ல் இயேசுவே தேவகுமாரன் என்று விசுவாசித்தார். 1950 முதல் 1956 வரை, வருஷத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகளுக்கு ஏழு புஸ்தகங்களை வெளியிட்டார். நார்னியா என்கிற, இல்லாத ஒரு தேசத்தின் கதைகள் அவை. முதல் புஸ்தகத்தின் கதை 2005-ல் சினிமாவாகவும் வந்தது.

முதல் கதையில், இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டுவீச்சுக்குத் தப்ப லண்டனை விட்டு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள், ஒரு பெரிய வீட்டின் துணி அலமாரி வழியாய் நார்னியாவுக்குள் போகிறார்கள். அங்கே ஒரு சூனியக்காரியின் ஆட்சி. எப்போதும் குளிர்காலம், கிறிஸ்துமஸ் மட்டும் வருவதே இல்லை! எட்மண்ட் என்ற பையன் மிட்டாய்க்கு ஆசைப்பட்டுத் தன் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கப் போகிறான். ஏசா ஒரு வேளைக் கூழுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றானே, அதே கதைதான். துரோகியின் உயிர் எனக்குச் சொந்தம், அதுதான் சட்டம் என்று சூனியக்காரி வந்து நிற்கிறாள். அந்தத் தேசத்தின் மெய்யான அதிபதியாகிய அஸ்லான் என்னும் சிங்கம் சட்டத்தைத் தள்ளிப்போடவில்லை. பையனுக்குப் பதிலாகத் தானே போகிறது. பிடரிமயிரைச் சிரைத்து, கட்டி, பரிகாசம்பண்ணி, கல் மேசையின்மேல் அதைக் கொல்லுகிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் இரவெல்லாம் அழுதுகொண்டிருக்கிறார்கள். பொழுது விடியும்போது கல் மேசை இரண்டாய்ப் பிளக்கிறது. சிங்கம் உயிரோடு நிற்கிறது!

1952-ல் வந்த மற்றொரு புஸ்தகத்தில் யூஸ்டஸ் என்று ஒரு பையன். பேராசை நினைவோடு பொக்கிஷத்தின்மேல் படுத்துத் தூங்குகிறான். விழித்துப் பார்த்தால் தானே ஒரு வலுசர்ப்பம்! தோலை உரித்துப் போடப் பார்க்கிறான். மூன்று தரம் உரித்தும் உள்ளே இன்னொரு தோல். கடைசியில் சிங்கத்துக்கு முன்பாக மல்லாந்து படுக்கிறான். சிங்கம் தன் நகத்தால் ஆழமாய்க் கிழித்து உரித்து, அவனைத் தண்ணீருக்குள் போடுகிறது. மறுபடியும் மனுஷனாய் எழும்புகிறான். தன் சுயபலத்தால் திருந்தப் பார்த்துத் தோற்றுப்போனவன் எவனோ, முழுக்கு ஞானஸ்நானத்தின் தண்ணீரிலிருந்து கரையேறினவன் எவனோ, அவனுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா?

நம் பயத்துக்குக் காரணம் உண்டு

கதை என்றாலே நம்மில் மூத்த விசுவாசிகள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் தெருக்கூத்து வளர்ந்த மண். திரௌபதி அம்மன் திருவிழாவிலே ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும், முடிவிலே தீமிதி. வேஷம் கட்டினவரும் பார்க்கிறவரும் ஆவேசம் வந்து ஆடுவதும் உண்டு. அங்கே கதை வெறும் பொழுதுபோக்கு அல்ல, அது வழிபாடு. அதிலிருந்து ஆண்டவரிடம் வந்த தாய் தகப்பன்மார், ஒரு கதை மனுஷனை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று கண்ணாலே கண்டவர்கள். படித்த பிள்ளைகளாகிய நாம், "சும்மா கதைதானே" என்கிறோம். "சும்மா கதை" என்று ஒன்று கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கட்டுக்கதைகளுக்கு விலகியிருக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதும் உண்மை (1 தீமோத்தேயு 4:7). தாங்கள் தந்திரமான கட்டுக்கதைகளைப் பின்பற்றினவர்கள் அல்ல, கண்ணாரக் கண்டவர்கள் என்று பேதுரு சாட்சி கொடுக்கிறார் (2 பேதுரு 1:16). அப்படியானால் சிங்கக் கதையும் தள்ளப்பட வேண்டியதுதானா?

வேதத்திலே கதை இல்லையா?

யோதாம் கெரிசீம் மலை உச்சியில் நின்று, மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடின கதையைச் சொன்னான் (நியாயாதிபதிகள் 9:8-15). ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மாட்டேன் என்றன. முட்செடி மட்டும் சரி என்றது. மரம் பேசுமா? பேசாது. யோதாம் பொய் சொன்னானா? இல்லையே! எசேக்கியேல் 17-ம் அதிகாரத்தில், கழுகு கேதுருவின் நுனிக்கிளையைக் கொய்துகொண்டு போகிற கதையைச் சொல்லும்படி கட்டளையிட்டவர் கர்த்தரே. நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஆட்டுக்குட்டியைப்பற்றித் தாவீதினிடத்தில் சொன்னான் (2 சாமுவேல் 12). தாவீது அதை நடந்த வழக்கு என்றே நினைத்துக் கோபப்பட்டான். ஆனால் நாத்தான் அவனை அப்படியே நம்ப விட்டுவிட்டுப் போகவில்லை. அந்த மனுஷன் நீதான் என்று அதே நிமிஷத்தில் கதையின் மூடியைத் திறந்துபோட்டான். நம் ஆண்டவரோ உவமைகளினாலே ஜனங்களோடு பேசினார் (மாற்கு 4:33,34).

அப்படியானால் பொய் என்பது எது? இல்லாததைச் சொல்வதெல்லாம் பொய் அல்ல. இல்லாததை "நடந்தது" என்று நம்பவைப்பதே பொய். கதை சொல்லுகிறவனும் கேட்கிறவனும் இது கதை என்று அறிந்திருந்தால், அங்கே ஏமாந்தவன் ஒருவனும் இல்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கும் அலமாரிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது என்று தெரியும். பவுலும் பேதுருவும் தள்ளினது, கட்டிவிட்டதைச் சத்தியம் என்று போதித்த உபதேசத்தை.

திண்டிவனத்தில் கேட்ட மூன்று அழைப்புகள்

இந்த வித்தியாசம் நமக்கு விளங்கும்படி, நம் திண்டிவனத்திலேயே நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1890-களில் ஆற்காடு மிஷனின் டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் ஊழியம் செய்தார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் ஐடா, தாயின் சுகவீனத்தினிமித்தம் இங்கே வந்திருந்தாள். இந்தியாவில் தங்க அவளுக்கு விருப்பமே இல்லை. ஒரே இரவில் ஒருவர்பின் ஒருவராய் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. ஆண் வைத்தியர் வரக்கூடாது என்று மறுத்துப் போய்விட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் மரித்த செய்தி வந்தது. அந்த இரவு அவளை மாற்றியது. அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்து, 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் வந்து ஒரே கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். அதுவே இன்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

இந்தச் சாட்சியின் பலம் எங்கே இருக்கிறது? அது நடந்தது என்பதிலே இருக்கிறது. ஒரு பிரசங்கியார் ஜனங்கள் இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று மூன்று பெண்களை நான்காக்கினால் என்ன ஆகும்? கேட்கிறவர்களில் ஒருவர் விசாரித்து அறிந்தால், நான்காவது மட்டுமா விழும்? மெய்யான மூன்றையும் சேர்த்தல்லவா அவர் சந்தேகிப்பார்!

தேவபிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நின்று நம்மை நாமே பார்ப்போம். சிங்கக் கதைக்குப் பயப்படுகிற நாம், கூட்டப்பட்ட சாட்சிக்குப் பயப்படுகிறோமா? சாதாரணக் காய்ச்சல் மேடை ஏறும்போது "டாக்டர் கைவிட்ட கேஸ்" ஆகிறது. நூறு பேர் வந்த கூட்டம் பத்திரிகையில் ஆயிரம் பேராகிறது. எங்கேயோ வாசித்த கதையை "எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரர்" என்று சொல்லிவிடுகிறோம். கேட்டால், "ஆண்டவருடைய மகிமைக்காகத்தானே பிரதர்!" தேவனுக்காக நீங்கள் வஞ்சகமாய்ப் பேசுவீர்களோ என்று யோபு தன் சிநேகிதரைக் கேட்டான் (யோபு 13:7). சத்தியமுள்ள தேவனுக்கு நம்முடைய பொய்யின் ஒத்தாசை வேண்டியதில்லை. லூயிஸ் தன் கதையைக் கதை என்று சொன்னார். நாமோ கதையைச் சாட்சி என்கிறோம். இரண்டில் எது ஆபத்து?

நம் தமிழ் முன்னோடிகள்

இது வெள்ளைக்காரர் சமாச்சாரம் மட்டும் அல்ல. ஜான் பனியன் பிரசங்கம் பண்ணினதற்காக 1660 முதல் பன்னிரண்டு வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். 1678-ல் அவர் அச்சிட்ட கதையே நம்மில் பலர் தமிழில் வாசித்திருக்கும் மோட்சப் பிரயாணம். முதுகில் பாவச் சுமையோடு நடக்கிற ஒரு மனுஷன். சிலுவையண்டை வந்ததும் சுமை கழன்று உருண்டோடுகிறது. அதை அச்சிடலாமா என்று பனியன் சிநேகிதரைக் கேட்டபோது, சிலர் போடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். இன்றைக்கு நாம் கேட்கும் கேள்வி அன்றைக்கே இருந்திருக்கிறது!

அந்தக் கதையைத் தமிழ்க் காவியமாக்கினவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-ல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறினவர். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894-ல் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். ஒன்றைக் கவனியுங்கள். பனியனின் கதைக்குள்ளே, கல்வாரியின் மெய்யான சரித்திரத்தையும் அவர் விரிவாகப் பாடிவைத்தார். கற்பனைப் பாதையிலே நடக்கிறவன் மெய்யான சிலுவையிலே வந்து சேரவேண்டும் என்பதே அவர் பாரம்.

பிள்ளை சிங்கத்தை நேசித்துவிட்டால்?

சிலர் இன்னும் ஆழமாய்க் கேட்கிறார்கள். "பிள்ளை இயேசுவைவிட அந்தச் சிங்கத்தை அதிகமா நேசிச்சிட்டா? அது விக்கிரகம் ஆயிடாதா?" இதே பயத்தோடு 1955-ல் ஒரு தாய், தன் மகனைப்பற்றி லூயிஸுக்கே எழுதினார்கள். லூயிஸ் பதில் எழுதினார். பையன் சிங்கத்தை எதற்காக நேசிக்கிறானோ, அதெல்லாம் இயேசு மெய்யாகவே செய்ததும் சொன்னதும்தான். ஆகையால் சிங்கத்தை நேசிப்பதாக அவன் நினைக்கும்போதும் இயேசுவையே நேசிக்கிறான் என்பது அதின் கருத்து. கதையிலும் அந்தச் சிங்கம், உங்கள் உலகத்தில் எனக்கு வேறே நாமம் உண்டு, அங்கே என்னை அறியும்படியே இங்கே கொண்டுவரப்பட்டீர்கள் என்ற கருத்தில் பிள்ளைகளிடம் பேசுகிறது. மைல்கல்லில் திண்டிவனம் என்று எழுதியிருக்கும். மைல்கல்லே திண்டிவனம் அல்ல. அதைப் பார்த்து மேலே நடக்கவேண்டும்.

ஆனாலும் எச்சரிப்பு தேவை. மோசே உயர்த்தின வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச்சொன்னவர் கர்த்தர். அது சிலுவைக்கு அடையாளம் என்று ஆண்டவரே சொன்னார் (யோவான் 3:14). அதற்கே ஜனங்கள் தூபங்காட்ட ஆரம்பித்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான் (2 இராஜாக்கள் 18:4). அடையாளம் கர்த்தர் கொடுத்ததாகவே இருந்தாலும், வழிகாட்டாமல் வழியை மறித்தால் உடைக்கப்பட வேண்டியதே. சிங்கம் என்கிற அடையாளத்துக்குத் தன்னிலே பரிசுத்தமும் இல்லை. யூதா கோத்திரத்துச் சிங்கம் நம் ஆண்டவர் (வெளிப்படுத்தின விசேஷம் 5:5). கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறவனோ சாத்தான் (1 பேதுரு 5:8). சிங்கம் என்ன செய்கிறது என்பதைக் கொண்டே நிதானிக்கவேண்டும். யோவான் சிங்கத்தைப் பார்க்கத் திரும்பினபோது கண்டதோ அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியை! லூயிஸின் சிங்கமும் ஆட்டுக்குட்டியைப்போலத் தன்னை ஒப்புக்கொடுக்கிறது.

மந்திரம் வருகிறதே என்றால், அதுவும் மெய்தான். உபாகமம் 18-ம் அதிகாரம் விலக்கினதை ஒரு கதையும் ஆகும்படி செய்யமுடியாது. அந்த ஏழு புஸ்தகங்களில் ரோமருடைய பழைய மதுதேவன்கூட ஓரிடத்தில் வருகிறான். அது நமக்கு நெருடுகிறது, நெருடத்தான் வேண்டும். ஆனால் யாருடைய கையில் மந்திரம் இருக்கிறது, அவன் முடிவு என்ன என்று பாருங்கள். 1955-ல் வந்த மந்திரவாதியின் மருமகன் என்ற புஸ்தகத்தில், மந்திரம் செய்கிற தாய்மாமன் பேராசைக்காரன், கோழை. தான் போகப் பயந்து பிள்ளைகளை அனுப்புகிறவன். அவனைப்போல ஆக ஒரு பிள்ளைக்கும் ஆசை வராது.

சுகம் கிடைக்காத பிள்ளை

அந்தப் புஸ்தகத்திலேயே நம் சபைகள் கேட்கவேண்டிய ஒரு காரியம் உண்டு. லூயிஸுக்கு ஒன்பது வயசில், 1908-ல், தாயார் புற்றுநோயால் மரித்தார்கள். சிறுவன் சுகத்துக்காக ஜெபித்தான். சுகம் கிடைக்கவில்லை. நாற்பத்தேழு வருஷம் கழித்து, மரணப்படுக்கையில் தாயை வைத்திருக்கிற டிகரி என்ற பையனின் கதையை எழுதினார். சிங்கம் அவனை ஒரு தோட்டத்துக்கு ஆப்பிள் பறித்துவர அனுப்புகிறது. ஒன்றைத் திருடிக்கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடு, பிழைப்பாள் என்று சூனியக்காரி ஆசைகாட்டுகிறாள். பையன் தவிக்கிறான், ஆனால் திருடவில்லை. திருடின கனியும் அவளைச் சுகப்படுத்தியிருக்கும், ஆனால் அந்த நோயிலேயே போயிருந்தால் நலமாயிருந்திருக்குமே என்று இருவரும் சொல்லும் நாள் வந்திருக்கும் என்று பிற்பாடு சிங்கம் சொல்லுகிறது. அதன்பின் தானே ஒரு கனியைக் கொடுக்கிறது. இதற்கெல்லாம் முன்பு, தாயைச் சுகமாக்கும்படி பையன் கெஞ்சி நிமிர்ந்து பார்க்கிறபோது, அவன் கண்ணீரைப் பார்க்கிலும் பெரிய கண்ணீர்த்துளிகள் சிங்கத்தின் கண்களில் நிற்கின்றன.

சுகம் பெற்றவர் சாட்சி சொல்ல எழும்பும்போது நாம் அல்லேலூயா சொல்லுகிறோம். சொல்லத்தான் வேண்டும், அவர் சுகமாக்குகிற தேவன்! ஆனால் முழங்காலில் நின்று ஜெபித்தும் தாயை அடக்கம்பண்ணின பிள்ளை நம் நடுவிலே எழுந்து நிற்க இடம் இருக்கிறதா? அந்த இடம் இல்லாதபோதுதான் ஜனங்கள் சாட்சியைக் கூட்டிச் சொல்லவோ, சத்தமில்லாமல் சபையை விட்டுப் போகவோ பார்க்கிறார்கள். லாசருவின் கல்லறையண்டை இயேசு கண்ணீர்விட்டார் (யோவான் 11:35). கதையிலே சிங்கத்தின் கண்ணீர் காட்டுவது, சரித்திரத்திலே மெய்யாய் விழுந்த அந்தக் கண்ணீரையே.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிடுங்கி வைக்காதீர்கள்; கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையோடு வாசியுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் பிள்ளையையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: "இது நடந்ததா, கதையா? இதுல உனக்கு எது பிடிச்சது? அதை மெய்யாவே செஞ்சவர் யாரு?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வருமானால் வேதத்தைத் திறந்து மாற்கு 15, 16 அதிகாரங்களை வாசியுங்கள். வராவிட்டாலும் திட்டவேண்டாம், நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். இந்தப் புஸ்தகத்தை வாசிக்காததினால் ஒரு பிள்ளைக்கும் குறைவு இல்லை. ஒரு விசுவாசியின் மனச்சாட்சி இதற்கு இடங்கொடாவிட்டால் அவரை வற்புறுத்தவும் வேண்டாம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, கதை சொல்லும்போது "இது கதை" என்று சொல்லுங்கள். சாட்சி சொல்லும்போது நடந்ததை மட்டும், நடந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை நம் வாயிலிருந்தே கற்றுக்கொள்ளுகிறார்கள். நம் கதைகளில் அவர்கள் உண்மையைக் கண்டால், நம் சாட்சியையும் ஒருநாள் நம்புவார்கள்.

சத்திய ஆவியானவர் நம் நாவுகளையும், நம் பிள்ளைகளின் நினைவுகளையும் காத்துக்கொள்வாராக. அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியும் யூதா கோத்திரத்துச் சிங்கமுமானவருக்கே சகல துதியும் கனமும் மகிமையும் உண்டாவதாக. ஆமென்!